வெடியால குளக்கரை, பொழுதோட மலைப்படி: வெள்ளோடு, சென்னிமலையில் குழந்தைகளோடு ஒரு நாள் நடை

ஒரம்பரை (உறவுக்காரர்) வீட்டுப் பிள்ளைகள், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள், வயசான அம்மிச்சி அப்பிச்சிகள் என்று பல கூட்டங்களோடு இந்த நடையைப் போய்வந்துவிட்டேன். ஈரோட்டிலிருந்து சென்னிமலை போகும் சாலையில் முதலில் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தின் குளம். அதே சாலையில் மேலும் அரை மணி நேரம் போனால் சென்னிமலையின் படிகளும் அதைச் சுற்றிய காடும். குளம், மலை, காடு மூன்றும் ஒரே நாளில் கைக்கு எட்டும்.

நொந்து திரும்புகிறவர்கள் பெரும்பாலும் வரிசையை மாற்றிவிட்டவர்கள். "முதல்ல சாமி கும்பிட்டுட்டு அப்புறம் குளத்துக்குப் போலாமுங்க" என்பார்கள். மலை ஏறி இறங்கிப் பதினொரு மணிக்குக் குளத்துக்கு வந்தால் பறவைகள் மர நிழலில் அடங்கியிருக்கும், பிள்ளைகள் சோர்ந்து அழுவார்கள், கரையில் வெயில் தகிக்கும். அதனால் குளம் விடியலில், மத்தியானம் ஓய்வு, பொழுது சாயும்போது மலை. கீழே உள்ள எல்லாமே இந்த வரிசையை ஒட்டித்தான்.

1. கூட்டத்தில் யார் சின்னவர் என்று பாருங்கள்

நடையின் நீளத்தை முடிவு செய்வது உங்கள் கால் அல்ல, இருப்பதிலேயே சின்னக் கால். ஐந்து வயதுப் பிள்ளை சமதரையில் நின்று நின்று நடந்தால் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் போகும். அதற்குமேல் கணக்குப் போட்டால் பாதி வழி நீங்கள்தான் தூக்க வேண்டும்.

மூன்று வயதுக்குள் என்றால் குளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மலைக்கு வண்டியில் போய்வரலாம். ஆறு வயதுக்கு மேல் என்றால் படி ஏறுவார்கள், அவசரப்படுத்தாமல் இருந்தால். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்குச் சென்னிமலையில் வண்டிப்பாதை மேல்வரை இருக்கிறது. பாதையில் வேலை நடக்கும் சமயங்களில் வண்டிகளை விடாமல் இருப்பதும் உண்டு. அடிவாரத்தில் கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள்.

பெரியவர் ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள், அதற்குமேல் வேண்டாம். தண்ணீர் ஓரத்திலும் படியிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கை வேண்டும்.

2. மாதத்தையும் கிழமையையும் தேர்ந்தெடுங்கள்

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். காரணம் தண்ணீர். வெள்ளோட்டுக் குளத்துக்கு மழைநீரோடு கீழ்பவானி வாய்க்காலின் கசிவு நீரும் வருகிறது. பவானிசாகர் அணையிலிருந்து வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் வாய்க்காலில் தண்ணீர் திறப்பார்கள். அந்தக் கசிவும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்த பிறகு குளம் பறவைக்கு ஏற்றதாகிவிடும். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டத் தொடங்கிவிடும்.

மழை பொய்த்த வருடத்தில் குளம் வற்றிக் கிடக்கலாம். கிளம்புவதற்கு முன்பு அந்தப் பக்கத்து ஆட்கள் யாரிடமாவது "குளத்துல தண்ணி இருக்குதுங்களா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நுழைவு நேரத்தையும் விடுமுறை நாளையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாசல்வரை போய்த் திரும்பிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

செவ்வாய், கிருத்திகை, சஷ்டி, தைப்பூசம், பங்குனி உத்திரம் ஆகிய நாட்களில் சென்னிமலையில் கூட்டம் நெரியும். கூட்டத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் போகிறவர் முதுகு மட்டுமே தெரியும், நினைத்த இடத்தில் நிற்கவும் முடியாது. நடக்க வருகிறவர்கள் வேறு நாள் பாருங்கள். காணும் பொங்கலன்று குளத்துக்கும் போக வேண்டாம்.

மார்ச் பிறந்தால் மலைக்காடு காய்ந்துவிடும். தீ பிடிக்கும் காலம் அது. அப்போது நான் பிள்ளைகளைக் குளத்துக்கு மட்டும்தான் கூட்டிப் போவேன்.

3. ஒரு வாரம் முன்பு உங்கள் ஊரிலேயே ஒத்திகை

இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். கோயமுத்தூர்க்காரர்களுக்கு உக்கடம் பெரியகுளம் இருக்கிறது, சிங்காநல்லூர்க் குளம் இருக்கிறது. திருப்பூர்க்காரர்களுக்கு நஞ்சராயன் குளம். ஊரில் குளம் இல்லாவிட்டால் வாய்க்கால் மேட்டுச் சாலை போதும், ஆனால் கையைப் பிடித்தபடி.

ஒரு மணி நேரம் நடங்கள். புதுச் செருப்பு எங்கே கடிக்கிறது, எந்தப் பிள்ளை எத்தனை நிமிடத்தில் தண்ணீர் கேட்கிறது, யார் ஓடுகிறார்கள், யார் பின்தங்குகிறார்கள் எல்லாம் தெரிந்துவிடும். புதுக் காலணி போட்டு நேராக வந்த ஒரு பையனுக்குக் குதிகாலில் கொப்புளம் வந்து, அவன் அப்பா அவனை மதியம்வரை தோளில் சுமந்தார். அன்றிலிருந்து என்னோடு வருகிறவர்களுக்குப் பழகிய காலணி என்பது கட்டளை.

4. முந்தின நாள் இரவே பை

காலையில் பை கட்டினால் கிளம்ப ஏழு மணி ஆகிவிடும். ஏழு மணிக்குக் கிளம்பினால் குளத்தின் நல்ல நேரம் போய்விட்டது. இரவே கட்டி வாசலில் வையுங்கள்.

தண்ணீர்: பெரியவருக்கு ஒன்றரை லிட்டர், பிள்ளைக்கு முக்கால் லிட்டர், எஃகுப் புட்டியில். பிள்ளையின் புட்டியைப் பிள்ளையே சுமக்கட்டும். தன் தோளில் இருந்தால் அடிக்கடி குடிப்பார்கள், உங்களிடம் இருந்தால் தாகம் முற்றிய பிறகுதான் கேட்பார்கள்.

உடை: மண் நிறம், இலைப்பச்சை, மங்கிய நீலம். பளிச்சென்ற வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். பறவை உங்களைத் தூரத்திலேயே பார்த்து விலகிப்போகும். முழுக்கால் சட்டையும் காலுறையும் கட்டாயம். ஆடு மேய்ந்த புல்லில் உண்ணி இருக்கும், முள்ளும் இருக்கும்.

தின்பண்டம்: வறுத்த நிலக்கடலை, எள்ளுருண்டை, கச்சாயம், வாழைப்பழம். சரசரக்கும் பொட்டலங்கள் வேண்டாம். அந்தச் சத்தம் குளத்தில் கேட்கும், மலையில் குரங்கைக் கூப்பிடும். சாப்பாட்டை வாழை இலையில் கட்டியோ தூக்குப்போசியிலோ எடுத்துக்கொண்டால் குப்பையும் சேராது.

தொலைநோக்கி: ஒன்று போதும். அதன்மேல் 8x42 என்று எழுதியிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீட்டர் என்று அர்த்தம். பத்து மடங்கு இன்னும் நல்லது என்று நினைத்து வாங்குகிறார்கள். பிள்ளைக் கையின் நடுக்கமும் பத்து மடங்காகும், எதுவும் நிற்காது. எட்டு மடங்கு, முன்கண்ணாடி 30 அல்லது 32 உள்ளது எடை குறைவு, சின்னக் கைக்குப் பொருந்தும்.

இவற்றோடு தொப்பி, ஒரு பழைய துண்டு, மாற்றுடை ஒரு ஜோடி, கொப்புளத்துக்குப் பஞ்சும் ஒட்டுப்பட்டையும், எல்லோருக்குமாகக் குப்பை போட ஒரு துணிப்பை.

5. குளக்கரை: விடிந்த முதல் இரண்டு மணி நேரம்

மார்கழியில் இங்கே சூரியன் ஆறரைக்குத்தான் எழும். நுழைவு நேரம் இடம் கொடுத்தால் அப்போதே கரையில் இருங்கள். இரவு அடைந்த பறவைகள் இரைதேடக் கிளம்புவது அப்போதுதான். எட்டரைக்கு மேல் காட்சி மெல்லக் குறையும்.

வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே பிள்ளைகளிடம் பேசிவிடுங்கள். கரைக்கு வந்தபின் "சத்தம் போடாதே" என்று சொன்னால் அதுவே சத்தமாகிவிடும். நான் சொல்வது இதைத்தான்: இந்தக் குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் உன் வயதுப் பிள்ளைகள் பல வருடங்களாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை, பறவைகள் மிரண்டுவிடும் என்று. இதைக் கேட்ட எந்தப் பிள்ளையும் அதற்குப் பிறகு கத்தியதை நான் பார்த்ததில்லை.

அமைதிக்குக் காரணம் மரியாதை மட்டுமல்ல. திடுக்கிட்டு எழும் தாய்ப்பறவை கூட்டை விட்டுப் பறந்தால் முட்டை வெயிலில் கிடக்கும், காக்காய் வந்து கொத்தும். கைபேசியைச் சத்தமில்லாமல் வையுங்கள். பறவை ஒலியைக் கைபேசியில் போட்டு அழைப்பதும் கூடாது.

சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்குமாறு நில்லுங்கள். காலையில் கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் சிறகின் நிறம் தெரியும். எதிர்ப்பக்கம் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல்தான். "ஒண்ணுமே தெரியலீங்க" என்று சொன்னவர்களை முப்பது அடி நகர்த்தி நிறுத்தியே பலமுறை சரிசெய்திருக்கிறேன்.

குளம் 77 ஹெக்டேர். முழுவதும் சுற்றிவர நினைக்காதீர்கள். பார்வையாளருக்கு விட்ட பாதையில் மட்டும் நடந்து, நல்ல இடம் இரண்டைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம் உட்காருங்கள். நடந்துகொண்டே இருப்பவர்களுக்குப் பறவையின் வால்தான் கிடைக்கும். உட்கார்ந்தவர்களை ஐந்து நிமிடத்தில் பறவைகள் மறந்துவிடும்.

பார்வைக் கோபுரத்தில் ஒரு சமயம் ஒரு குடும்பம் ஏறுங்கள். பிள்ளைகளைக் கம்பிமேல் சாயவிட வேண்டாம். கரைச் சரிவில் இறங்குவதே கூடாது. சேறு காலை இழுக்கும்.

6. பிள்ளைக்கு ஐந்து பறவை போதும்

பெயர்ப்பட்டியலை நீட்டினால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். பறவையின் வேலையைக் காட்டுங்கள். பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும்.

முக்குளிப்பான்: உருண்டையாக, கைப்பிடி அளவு. சட்டென்று மூழ்கும். மூழ்கியதும் பிள்ளைகள் மனதுக்குள் எண்ண வேண்டும், எங்கே எழும் என்று கை நீட்ட வேண்டும். சத்தமில்லாத இந்த விளையாட்டை அரை மணி நேரம் ஆடுவார்கள்.

நீர்க்காகம்: மூழ்கி மீன் பிடித்துவிட்டு மரத்தில் ஏறி இரண்டு சிறகையும் விரித்து நிற்கும். அதன் சிறகு தண்ணீரில் ஊறிவிடும், அதனால் காயப்போடுகிறது. பிள்ளைகள் இதை உடனே புரிந்துகொள்வார்கள், வீட்டுக் கொடியில் பார்த்ததுதானே.

மஞ்சள்மூக்கு நாரை: அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு இடதும் வலதுமாக அசைத்துக்கொண்டே நடக்கும். கண்ணால் பார்த்து மீன் பிடிப்பதில்லை. அலகில் மீன் பட்டதும் டக்கென்று மூடும். முதுகின் கடைசியில் ரோஸ் நிற இறகு இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.

நத்தைகுத்தி நாரை: மூடிய அலகின் நடுவே ஒரு சந்து தெரியும். நத்தையை எடுத்துத் தின்கிற பறவை. முழு வளர்ந்ததற்குத்தான் அந்தச் சந்து, குஞ்சுக்கு இருக்காது.

கூழைக்கடா: அலகின் கீழ் தொங்கும் பை போதும், பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுப்பு நாமக்கோழி கிடைத்தால் அது கொசுறு. தொலைநோக்கியை முறை வைத்துக் கொடுங்கள், ஆளுக்கு ஒரு நிமிடம். முதலில் வெறுங்கண்ணால் பறவையைப் பார்த்து, கண்ணை எடுக்காமல் கண்ணாடியைக் கண்ணுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கண்ணாடி வழியாகத் தேடினால் வானமும் தண்ணீரும்தான் தெரியும்.

7. மத்தியானம் நடக்க வேண்டாம்

ஒன்பது மணிக்குக் கரையை விட்டுக் கிளம்பிக் காலைச் சாப்பாட்டை முடியுங்கள். சரணாலயத்துக்குள் இலை விரித்து உட்கார வேண்டாம். சோறு சிந்தினால் காக்காயும் நாயும் வரும், அவை கூட்டுக்கும் போகும்.

பதினொன்று முதல் மூன்றரை வரை நிழலில் இருங்கள். உறவினர் தோட்டம் பக்கத்தில் இருந்தால் அங்கே போவதுதான் சிறந்தது. கட்டிலைப் போட்டு வேப்பமர நிழலில் பிள்ளைகள் தூங்கட்டும். அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி, நெய் விட்டுச் சாப்பிட்டால் மாலை வரை தாங்கும். தோட்டம் இல்லாதவர்கள் சென்னிமலையில் நெசவுப் போர்வைக் கடைகளைப் பார்த்து நேரத்தைக் கழிக்கலாம்.

இந்த நாலரை மணி நேரத்தை வீண் என்று நினைத்து வேறோர் இடத்தைச் சேர்க்கிறார்கள். சேர்த்த குடும்பங்களில் மலை ஏறியவர்கள் குறைவு. வாய்க்காலில் குளிக்க விடுவதும் வேண்டவே வேண்டாம். மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் உள்ளே இழுத்துப் போகும், சரிவான கரையில் பிடிக்க ஒன்றும் இருக்காது.

8. சென்னிமலை: 1320 படி

நான்கு மணிக்குத் தொடங்குங்கள். பலரும் அடிவாரத்திலேயே செருப்பை விட்டுவிட்டு ஏறுவார்கள். உச்சி வெயிலில் கல் கொதிக்கும், சின்னப் பாதம் பொசுங்கும். நான்கு மணிக்கு முதல் படியில் கை வைத்துப் பாருங்கள். உங்கள் கை பத்து எண்ணும்வரை தாங்கவில்லை என்றால் இன்னும் அரை மணி நேரம் காத்திருங்கள்.

பிள்ளைகளுடன் மேலே போக ஒரு மணி நேரம் ஆகும். ஐம்பது படிக்கு ஒரு நிமிடம் நில்லுங்கள். எண்ணும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். 26 முறை நின்றால் இன்னும் இருபது படிதான் பாக்கி என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று நீங்கள் பொய் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் அந்தப் பொய்யை ஒருமுறைதான் நம்புவார்கள்.

முதல் நூறு படியில் ஓட விடாதீர்கள். ஓடி ஏறிய பிள்ளை முந்நூறாவது படியில் உட்கார்ந்துவிடும், அதன்பிறகு மனம் வராது. சின்னவரை முன்னால் விட்டுப் பெரியவர்கள் பின்னால் வாருங்கள். வேகம் தானாகச் சரியாகும், கால் இடறினால் பிடிக்கவும் முடியும்.

வழியில் மண்டபங்கள் உண்டு. இயலாத பெரியவர்களை ஒரு மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டுப் போவதில் தவறில்லை, துணைக்கு ஒருவர் இருந்தால். எங்கள் அம்மிச்சி பாதி வழி மண்டபத்தில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடம் ஊர் விசாரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எங்களில் அதிகம் மகிழ்ந்தது அவர்தான்.

குரங்குக்குப் பயந்து ஓடாதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், கண்ணோடு கண் பார்க்காதீர்கள். அதற்கு அதெல்லாம் சண்டைக்கு அழைப்பு. தேங்காய், பழம் எல்லாம் முதுகுப் பைக்குள். பிடுங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இழுத்தால் கடிக்கும்.

9. காட்டைப் படியில் நின்றே பாருங்கள்

படியின் இருபுறமும் உள்ளது முள்மரமும் உசிலும் கள்ளியும் கலந்த வறண்ட காடு. வேறு காடு பார்த்துப் பழகியவர்கள் "இதென்னங்க காடு, பொதர்தானே" என்பார்கள். மழை குறைந்த நம் சீமையின் காடு இப்படித்தான் இருக்கும். இலை சிறுத்திருப்பதும் முள் வளர்வதும் தண்ணீரை மிச்சம் பிடிக்கவும் மேயும் வாயைத் தடுக்கவும்தான். ஒரு வேல இலையையும் ஒரு வாழை இலையையும் மனதில் ஒப்பிடச் சொன்னால் பிள்ளைகள் காரணத்தைத் தாங்களே சொல்வார்கள்.

ஐந்து மணிக்கு மேல் மயில் அகவும். எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக் காட்டச் சொல்லுங்கள்.

ஒற்றையடித் தடம் தெரிகிறதே என்று உள்ளே நுழையாதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது குற்றம். பாறைச் சந்தில் சுருட்டை விரியன் இருக்கும், மண் நிறத்தில் கண்ணுக்கே தெரியாது. பாறையிலோ பெருமரத்திலோ மலைத்தேனீக் கூடு தொங்கினால் கல் எறியவும் புகை போடவும் கூடாது. வாசனைத் தைலம் பூசாமல் வாருங்கள்.

மேலே முருகனைக் கும்பிட்டுவிட்டு, வள்ளி தெய்வானை சன்னதிப் பக்கமும் பின்நாக்குச் சித்தர் இருப்பிடமும் பார்க்கலாம். திறந்த பக்கமாக நின்றால் கீழே தோட்டம் தோட்டமாக நிலம் தெரியும். எது வேலி, எது தென்னந்தோப்பு, எது மேய்ச்சல் நிலம் என்று பிள்ளைகளோடு பிரித்துப் பாருங்கள்.

10. இறக்கத்தில்தான் விழுவார்கள்

மேலே ஏறும்போது அழுத பிள்ளைகூட இறங்கும்போது பறக்கும். நான் பார்த்த காயங்கள் எல்லாமே இறக்கத்தில் நடந்தவை. முடிந்தால் இறக்கத்துக்கு வண்டி வையுங்கள். நடந்தே இறங்குவதென்றால் இப்போது பெரியவர்கள் முன்னால், பிள்ளைகள் பின்னால்.

மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது விழும். ஐந்தரைக்கு இறங்கத் தொடங்குங்கள், ஆளுக்கொரு கைவிளக்கு இருக்கட்டும்.

11. பாம்பு கடித்தால்

கடித்த கையையோ காலையோ அசைக்காமல் ஒரு குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். கொலுசு, மோதிரம், இறுக்கமான காலுறை எல்லாம் கழற்றுங்கள், வீக்கம் வரும். கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, மந்திரிக்கப் போய் நேரத்தைக் கழிக்கக் கூடாது. பாம்பைத் தேடவும் வேண்டாம். பிள்ளையை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு 108-ஐ அழையுங்கள். பெருந்துறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எந்த மருத்துவமனை, எந்த வழி என்பதைக் கிளம்பும் முன்பே ஓட்டுகிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

12. திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு

இதே வரிசையை நஞ்சராயன் குளத்திலும் ஊத்துக்குளி கதித்தமலையிலும் வைத்துக்கொள்ளலாம். நஞ்சராயன் குளம் 2024இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. வெள்ளோடு அதற்கு இரண்டு வருடம் முன்பே சேர்ந்துவிட்டது. குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகளை நஞ்சராயன் குளத்தில் பார்க்கலாம். கதித்தமலை சின்ன மலை, நான்கு வயதுப் பிள்ளையும் ஏறிவிடும். சென்னிமலைக்கு முன்பு இங்கே பழகிக்கொள்வதும் நல்லதுதான்.

13. வீட்டுக்கு வந்ததும்

தூங்கிவிட்ட பிள்ளையை அப்படியே படுக்க வைக்காதீர்கள். உடையை வாசலிலேயே கழற்றி வெந்நீரில் போட்டுவிட்டுக் காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு என்று விளக்கு வெளிச்சத்தில் உண்ணி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எண்ணெயோ நெருப்போ வைக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெல்ல இழுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த சில நாட்களில் காய்ச்சல் வந்தால் காட்டுப் பக்கம் போய்வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.